கொண்டிக்கு விட்ட எண்ணெய்

ஜூன் 9, திங்கள்

உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஐந்தாறு மாதமாகச் சும்மா கிடந்தது. வீணாகப் போகவேண்டாமே என்று எடுத்திருக்கிறேன். பேச ஆளில்லாமல் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் தினமும் என்னிடம் பேசுகின்றன. பெரும்பாலும் முட்டையைப் பற்றி.

நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் நான் ஒரு வாய், தலைமையாசிரியை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியை முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவார். எனக்கு அது வீட்டுப் பழக்கம். மகள் சுபிக்ஷாவுக்குத் தட்டு வைத்தாலும் அதிலிருந்து ஓர் உருண்டை எடுத்து நான் தின்றுவிட்டுத்தான் அவள் பக்கம் நகர்த்துவேன். சின்ன வயதில் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பாள். இப்போது கல்லூரியில் மூன்றாம் வருடம். சிரிப்பதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

விடியற்காலை அடுப்பைப் பற்றவைக்கும் முன் கொல்லைக் கக்கூஸ் கதவுக் கொண்டியின் சத்தம் கேட்டது. வளைந்த கொண்டி அது. ஒரே தட்டில் விழாது. தூக்கி ஒரு தட்டு, அமுக்கி ஒரு தட்டு. பதினோரு வருடம் முன்பு இதே சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். என் வீட்டுக்காரருக்கு வயிறு அப்படி. போய்விட்டு வந்து படுப்பார், உடனே மறுபடி எழுந்திருப்பார்.

அவர் செத்துப் போனவர். பூனையாக இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

பூனை கொண்டி போடாது.

இன்று எழுந்து போய்ப் பார்த்தேன். கக்கூஸ் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆளில்லை. வாளித் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஓடி வந்தால் சுபி தலையோடு போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். கொல்லையைப் பார்த்து, "சங்கரவேல்" என்று கூப்பிட்டேன். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அவர் பெயரை நான் சொன்னதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவிக் கக்கூஸ் வாசலில் வைத்தேன். கொண்டிக்கும் கீலுக்கும் தாராளமாக நல்லெண்ணெய் விட்டேன். வளைவையும் அம்மிக் குழவியால் தட்டி நேராக்கினேன்.

ஜூன் 16, திங்கள்

சத்தமில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 27, வெள்ளி

சுபி ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சோற்றைக் கரையில் ஒதுக்கி ஒதுக்கி, சாப்பிட்ட மாதிரி காட்டிவிட்டு எழுந்துவிடுகிறாள். கேட்டால் "காலேஜ்ல தின்னுட்டேன்" என்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை வீட்டுக்குப் போகிறாள். அங்கே என்ன ஓதுகிறார்களோ.

அத்தை என்றால் ஆவுடையம்மாள். எனக்கு மாமியார், என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காவும்கூட. அத்தை மகனைத்தான் கட்டினேன். எங்கள் பக்கம் அதுதான் முதல் உரிமை. கல்யாணத்தன்று, "எங்க வீட்டு ரத்தம் எங்க வீட்டுக்கே வந்துட்டு" என்று அத்தை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

வயிற்று நோவு தீரவில்லையென்றால் எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சோற்றில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். வசியத்துக்கு வைக்கிற அந்த மருந்து குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குமாம். அவருக்குக் காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை. மலத்தில் ரத்தம் நிற்கவில்லை. கடைசியில் அத்தை அவரை மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப் போனாள். அந்த ஆள் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையை வாழையிலையில் துப்பினாராம். "சொந்த வீட்டுச் சோத்துல வச்சது" என்றாராம். வீட்டில் சமைக்கிறவள் நான் ஒருத்திதான்.

அவர் போய்ச் சேர்ந்தபிறகு அத்தை அடுத்த தெருவில் தனியாகப் பொங்கித் தின்கிறாள். இத்தனை வருடத்தில் என் கையால் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

சுபி தட்டிலிருந்து உருண்டையை எடுத்து வாயில் போடும்போது ஒவ்வொரு முறையும் ஒரு நொடி எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதியிருக்க வேண்டாம்.

ஜூலை 5, சனி

சுபியின் சுடிதார் இரண்டைப் பிடித்துத் தைத்தேன். துணி விட்டுவிட்டதாம். துணி எப்படி விடும் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பருப்புச் சாதம், முட்டை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அடைகாக்கிறாயா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்தால் சுபி சுருண்டு படுத்திருக்கிறாள். மாதவிடாய் வலி என்றாள். போன வாரமும் அதைத்தான் சொன்னாள்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

அவருக்குப் படையல் போட்டேன். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் ருசி பார்க்காமல் சமைப்பேன். படைக்கிற சோற்றை எச்சில் பண்ணக்கூடாது. மொட்டை மாடியில் இலை போட்டுக் காகத்தைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு மாடியில் நாலைந்து வந்து தின்றன. என் இலையை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. வெயில் ஏறும்வரை நின்றேன். சோறு காய்ந்து போனது.

கீழே வந்ததும் சுபி, "காக்கா வந்துச்சாம்மா?" என்றாள். வந்தது என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

இத்தனை வருடத்துக்குப் பிறகு அத்தை என் வாசலில். உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளையப் பாத்தியா? எலும்பும் தோலுமா இருக்கா. எம்மவனும் இப்படித்தான் உருகுனான்."

"டாக்டர்ட்ட காட்டணும் அத்தை."

"காட்டுனயே அன்னைக்கும். ஞாயித்துக்கெழம அவரு இருப்பாராம். கூட்டிட்டுப் போறேன்."

எந்த அவர் என்று நான் கேட்கவில்லை. மருந்து எடுக்கிறவர்தான். அத்தை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலை உருவின கை. பின்னால் மறைத்துக்கொண்டேன். "சரி, கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

ஏன் சரி என்றேன்? துரத்தியிருக்க வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

சுபி சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தாள். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"எடுத்தாரா?"

"எடுத்தாரு."

அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"அது மொதல்லயே அவரு கன்னத்துல இருந்துச்சும்மா. குழல எடுக்கதுக்கு முன்னாடி தண்ணி குடிக்கச் சொன்னேன். முழிச்சாரு. குடிக்கல. அவரு கன்னம் ஒரு பக்கம் வீங்கிக் கெடந்துச்சு. ஆச்சிட்டயும் சொன்னேன். நம்பல."

நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். மடியில் சதையே இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு போன் வந்தது. சுபி கல்லூரியில் மயங்கி விழுந்துவிட்டாள். சுடிதாரெல்லாம் ரத்தம். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மே மாதத்திலிருந்தே ரத்தம் போகிறதாம். விடியற்காலையில் நான் எழும் முன் போய்விட்டு வந்து போர்த்திக்கொள்வாளாம். நான் கொல்லைக்குப் போன அன்று என் முதுகுக்குப் பின்னால் இருட்டில் நழுவி வந்து படுத்தாளாம், பயந்து செத்துவிட்டாளாம். இரண்டு மூன்று நாளில் பார்த்தால் கொண்டியில் சத்தமே இல்லையாம்.

"சாமியே பாத்து எண்ணெய் விட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒன்னையத்தானம்மா சொல்லுவாங்க. மறுபடியும்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்டு 2, சனி. மதுரை

ரத்தம் ஏற்றினார்கள். ஆசன வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அவரைப் போலவேதான். முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி. நர்ஸ் திரையை விலக்கியபோது ஒரு நொடி அவர்தான் படுத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

ஆகஸ்டு 7, வியாழன்

கிரோன் நோயாம். டாக்டர் பியூலா உட்காரவைத்துச் சொன்னார். வயதில் என்னைவிட இளையவர். காது கொடுத்துக் கேட்கிறார்.

"குடல்ல புண்ணு. கிருமியால இல்ல. உடம்பக் காக்க வேண்டிய செல்லே குடலத் தாக்குது. முழுசா ஒழிக்க முடியாது. ஆனா அடக்கி வைக்கலாம். மருந்த விட்டுட்டா மட்டும்தான் பயம்."

வீட்டுக்காரருக்கு வந்ததைச் சொன்னேன். காசநோய் மாத்திரை கொடுத்ததையும் சொன்னேன். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பிரித்துச் சொல்வது இன்றைக்கும் கஷ்டம்தான் என்றார். அப்புறம் சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். ஒரு தாளில் வட்டமும் கட்டமுமாகப் போட்டுக் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். என் கோடும் வீட்டுக்காரர் கோடும் மேலே போய் ஒரே இடத்தில் சேர்ந்தன. என் அப்பாவையும் அத்தையையும் பெற்ற தாத்தா, ஆச்சி.

"தாத்தா எப்படி இறந்தாரு?"

"வயித்து நோவுன்னு சொல்லுவாங்க. நான் பொறக்கதுக்கு ரொம்ப முன்னாடி."

"ஆச்சி?"

"கால் தவறிக் கிணத்துல விழுந்துட்டாங்களாம். எனக்கு அவங்க முகம்னு ஊர்ல பெரியவங்க சொல்லுவாங்க."

இதற்கும் முகத்துக்கும் சம்பந்தமில்லை. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மரபணு சோதனை செய்யலாம், சுபி, நான், அத்தை மூன்று பேர் ரத்தமும் வேண்டும் என்றார். அத்தை வரமாட்டாள் என்றேன்.

ஆகஸ்டு 9, சனி

அத்தை வந்தாள். "நீ ரத்தம் குடுக்காட்டி நான் ஊசி போடமாட்டேன்" என்று சுபி போனில் மிரட்டியிருக்கிறாள். படுத்துக்கொண்டே என்ன தைரியம்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் அத்தை கையை நீட்டினாள், அப்புறம் நான். இரண்டு குழாயும் ஒரே தாங்கியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்டு 22, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை, ஊசி. சுபி எழுந்து நடமாடுகிறாள். ஆனால் சோற்றைக் கண்டால் இன்னும் பயம். வலி வந்துவிடும் என்று பயம். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. சாப்பிட்டால்தான் மருந்து தாங்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

குழையக் குழையச் சோறு வடித்து, தட்டில் போட்டு, ஓர் உருண்டை எடுத்து என் வாயில் போட்டேன். சுபி என்னையே பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"நீ இப்படிப் பண்ணப் பண்ண எனக்கு என்னமோ போல இருக்கும்மா."

ஆகஸ்டு 23, சனி

கை நிற்கவில்லை. உருண்டை தானாக வாய்க்குப் போகிறது.

ஆகஸ்டு 30, சனி

கொண்டிச் சத்தம் கேட்காதது இப்போது பெரிய தொந்தரவாக இருக்கிறது. போனாளா வந்தாளா என்று தெரியாமல் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். எண்ணெயைத் துடைத்துப் பார்த்தேன். பழைய சத்தம் வரவில்லை.

அவர் சத்தம் போட்டது என்னைப் பயமுறுத்த இல்லையோ. பிள்ளையைப் பார் என்று சொல்லத்தானோ. வாயை நான்தான் அடைத்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மதுரைக்கு மூன்று பேரும் போனோம். முடிவு வந்துவிட்டது. டாக்டர் பியூலா அத்தையைப் பார்த்தே சொன்னார்.

"பாட்டி, ரத்தத்துல காவலுக்கு நிக்கிற செல்லுக்கு மேல ஏற்பின்னு ஒன்னு இருக்கு. காது மாதிரி. 'சண்ட போதும், நிறுத்து'ன்னு உடம்பு சொல்றத அதுதான் கேக்கணும். அந்தக் காத உண்டாக்குற மரபணுல சுபிக்கு ஒரு மாற்றம் இருக்கு. சொன்னது சரியா கேக்கல. அதான் செல்லு சண்டைய நிறுத்தாம குடலையே புண்ணாக்குது."

"அது எப்படி வந்துச்சு?"

"ஒவ்வொரு மரபணுவும் ரெண்டு ரெண்டா இருக்கும். அப்பாட்டருந்து ஒன்னு, அம்மாட்டருந்து ஒன்னு. சுபிக்கு ரெண்டுலயும் அந்த மாற்றம் இருக்கு. அம்மாவுக்கு ஒன்னுல இருக்கு. உங்களுக்கும் ஒன்னுல இருக்கு. உங்க மகன் ரத்தம் நம்மட்ட இல்ல. ஆனா இன்னொன்னு அவர்ட்டருந்துதான் வந்திருக்கணும். அவங்கப்பா வழியாவும் ஒன்னு வந்திருந்தா, அவருக்கும் இதே நோயா இருந்திருக்கும்னு நினைக்கிறேன். அடிச்சுச் சொல்ல முடியாது. இது இருந்தும் நல்லா இருக்கிறவங்க இருக்காங்க. நீங்களே இருக்கீங்களே."

அத்தை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப யாரும் வைக்கலியா?"

டாக்டருக்குப் புரியவில்லை. சுபி சொன்னாள், "யாரும் வைக்கல ஆச்சி."

பேருந்தில் சுபி முன் இருக்கையில் தூங்கிவிட்டாள். சாத்தூர் தாண்டும்வரை அத்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"எங்கம்மா கால் தவறி விழல. எங்கய்யாவுக்கும் இதே வயிறுதான். அவ மருந்து வச்சிட்டான்னு ஊரே சொல்லிச்சு. ஒங்கப்பன் கைப்பிள்ள. எனக்கு வெவரம் தெரியுத வயசு. ஒரு நா மத்தியானம் சோறு போட்டு எம் முன்னாடி வச்சா. நான் தட்டத் தள்ளிட்டேன். ஒன் சோறு வேண்டாம் போன்னேன். அப்படியே பாத்துக்கிட்டு நின்னா. அன்னைக்குச் சாயங்காலம் கெணத்துல கெடந்தா."

முன் இருக்கையில் சுபி விழித்துவிட்டாளா என்று எட்டிப் பார்த்தேன்.

"நீ வளர வளர அவ மொகம் வந்துச்சு. அதான் ஒன்ன எம்மவனுக்குக் கேட்டுக் கட்டுனேன். அவள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்னு நெனச்சேன். பெறகு இவனும் அதே மாதிரி படுத்துட்டான். நீ தட்டக் கொண்டாந்து வைக்கும்போதெல்லாம் அவளே நிக்க மாதிரி இருக்கும்ளா. அவ மருந்து வச்சிருந்தாத்தான் நான் தட்டத் தள்ளுனது சரி. நீயும் வச்சிருந்தாத்தான் அவ வச்சது நெசம்."

பேருந்து கோவில்பட்டிக்குள் நுழைந்தது. பதினோரு வருடம். என்னைக் கேட்டால் நான் பேருந்தை நிறுத்தி அவளை இறக்கிவிட்டிருப்பேன். அவ்வளவு கோபம் வந்தது. அவள் கை மடியில் கிடந்தது. அந்தச் சிறுபிள்ளை தட்டைத் தள்ளின கை அதுதான். பிடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அத்தை தன் தெருப்பக்கம் திரும்பாமல் என் பின்னாலேயே வந்தாள்.

கேட்டில் நிற்கவில்லை. படி ஏறினாள். கூடத்தில் அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"தண்ணி குடு" என்றாள்.

பானையில் மொண்டேன். பழக்கதோஷம், செம்பு என் வாய்க்குப் போனது. அத்தை எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எச்சி பண்ணாம குடு தாயி."

கொடுத்தேன். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்துக் குடித்தாள். சொட்டு விடாமல் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். சுபி கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். நானும் எழுதவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கொல்லன் பட்டறையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து பழைய கொண்டியைக் கழற்றச் சொன்னேன். புதிதாக ஒன்று போட்டான். நல்ல சத்தம். தெருவுக்கே கேட்கும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று நான் ருசி பார்க்கவில்லை. அடுப்படியிலும் பார்க்கவில்லை, தட்டிலும் பார்க்கவில்லை. கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ரசத்தில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தேன் போல. சுபி என்னைத் திட்டிக்கொண்டே தட்டு முழுவதும் சாப்பிட்டாள்.